பொலன்னறுவையின் வேளைக்காரரும் ஈழக்காசும்

இலங்கையின் பொலன்னறுவையில், பழைய அரண்மனைக்கு வடக்கே அட்டதாகே என்னும் கட்டடத்தின் இடிபாடு இருக்கிறது. புத்தரின் புனிதப் பல்லை வைப்பதற்காக 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட கோயில் அது. அதையொட்டி நிற்கும் நீண்ட கற்பலகை சமஸ்கிருதத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறுகிறது. வடசொற்கள் கிரந்த எழுத்திலும் ஏனையவை தமிழ் எழுத்திலும் வெட்டப்பட்டுள்ளன. வெட்டுவித்தவர்கள் வேளைக்காரர் எனப்பட்ட படையினர். தமிழ் பேசிய, பெரும்பாலும் சைவப் பின்னணி கொண்ட கூலிப்படை ஒன்று பௌத்த உலகின் மிக உயர்ந்த புனிதப் பொருளுக்குத் தன்னைக் காவலாக அறிவித்துக்கொண்ட ஆவணம் அது. முதலாம் விஜயபாகு (1055–1110) இறந்து அரசுரிமைப் பூசல் தொடங்கிய காலத்தில் அது எழுதப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிளில் பைசாந்தியப் பேரரசரின் அரண்மனை வாயிலில் வடபுலத்து வைக்கிங்குகள் கோடரி ஏந்தி நின்றார்கள். வராங்கியர் எனப்பட்ட அந்தப் படையைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் நூல்கள் நிறைய உண்டு. வேளைக்காரரின் கதை அதற்குக் குறைந்ததன்று. இதற்குச் சான்றுகள் கல்வெட்டு, பாலி மொழியிலுள்ள வரலாற்று நூலான சூளவம்சம், காசுகள் என மூன்று வகையாகக் கிடைக்கின்றன. மூன்றும் ஒரே குரலில் பேசுவதில்லை.

வேளைக்காரர் என்ற பெயர் சோழநாட்டில் தோன்றியது. மன்னனுக்கு இடர் நேரும் வேளையில் உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்த மெய்க்காவலர் என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். அத்தகைய சூளுரை கடல்வணிகரின் காதுக்கும் எட்டியிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சிராஃப் நகரத்து அபூ செய்த், இந்திய அரசர் சிலர் முடிசூடும் நாளில் சமைக்கும் சோற்றை முந்நூறு நானூறு தோழர்கள் விரும்பி வாங்கி உண்பார்கள், அரசன் இறந்தால் அவர்கள் தீயில் விழுவார்கள் என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதை ஒத்த செய்தியைத் தருகிறார். துறைமுகத்தில் சொல்லப்படும் கதை கப்பலேறி ஊர் போய்ச் சேர்வதற்குள் சற்றுப் பெருத்திருக்கும்; இருந்தாலும் நூற்றாண்டுகள் இடைவிட்டு வந்த இருவர் ஒன்றையே சொல்வதால் முற்றும் கட்டுக்கதை என்று தள்ள முடியாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தப் படைகள் வரிசையாக வருகின்றன. அருமொழிதேவத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், க்ஷத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர், அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், இளையராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் எனப் பெயர்கள் நீள்கின்றன. பெரும்பாலும் அரசனின் பெயரோ விருதுப்பெயரோ படைக்குப் பெயராயிற்று. கோயிலின் பணக் கொடுக்கல் வாங்கலிலும் படைப்பிரிவுகள் சில பங்கு கொண்டன. பண்டாரத்திலிருந்து பெறும் ஒவ்வொரு காசுக்கும் ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நெல்லாக அளந்தால் மூன்று குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பதால், ஒரு காசு இரண்டு கலம் நெல்லுக்குச் சமம் என்று இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. காசுக்குக் கீழே அக்கம் என்ற சிறு அலகு இருந்தது. பன்னிரண்டு அக்கம் ஒரு காசு. வாளேந்திய கூட்டமும் வட்டிக்கணக்கும் ஒரே சுவரில் இடம்பெற்றிருப்பது சோழ அரசின் இயல்பைச் சொல்கிறது.

காவலுக்கு அயலாரை அமர்த்துவது தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். முல்லைப்பாட்டில் மன்னனின் பாசறையில் யவனர் காவல் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலைக் காப்பவர்களும் யவனர்தாம். உள்ளூர்க் குடிவழிப் பூசல்களில் பங்கில்லாதவன், ஊதியம் தருபவனைத் தவிர வேறு யாரையும் சாராதவன் என்பதே அயலானின் தகுதி. இதே காரணத்துக்காகத் தமிழ் வீரர்கள் கடல் கடந்து இலங்கை மன்னர்களுக்குக் காவலானார்கள்.

7ஆம் நூற்றாண்டு முதல் இலங்கையின் அப்போதைய தலைநகரான அனுராதபுரத்தின் அரசுரிமைப் போர்களில் தென்னிந்தியப் படைகள் இல்லாத கட்டம் அரிது. அரியணை இழந்த இளவரசன் பாக்கு நீரிணையைத் தாண்டி வருவான். ஆள் திரட்டிக்கொண்டு திரும்புவான். மானவம்மன் பல்லவ நரசிம்மவர்மனிடம் பணிபுரிந்து, அவன் கொடுத்த படையின் துணையோடு அரசைப் பிடித்தது இவற்றுள் புகழ்பெற்றது. வென்ற பிறகு படைக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த நூற்றாண்டின் அரசர் சிலர் தாதுகோபங்களின் செல்வத்திலும் பொற்படிமங்களிலும் கைவைத்ததைச் சூளவம்சம் மனம் கசந்து பதிவு செய்கிறது. 9, 10ஆம் நூற்றாண்டுச் சிங்களக் கல்வெட்டுகளில் தமிழருக்கு ஒதுக்கிய நிலத்தைக் குறிக்கும் 'தெமெள் கபல்ல' என்ற தொடர் வருகிறது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் அப்போதே அங்கு நிலம் பெற்றுக் குடியமர்ந்துவிட்டனர்.

ஊதியம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஐந்தாம் மகிந்தனின் ஆட்சி சான்று. அவன் 982இல் முடிசூடினான். பத்தாம் ஆட்சியாண்டு அளவில் குடிகள் வரி செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள், கருவூலம் வறண்டது. ஊதியம் கிடைக்காத கேரள வீரர்கள் வில்லும் வாளுமாக அரண்மனை வாயிலில் அமர்ந்து, தங்கள் கூலி வரும்வரை அரசன் உண்ணக்கூடாது என்று மறித்தார்கள். மகிந்தன் எடுத்துச் செல்லக்கூடிய செல்வத்தோடு சுரங்கவழியாகத் தப்பித் தெற்கே உறுகுணைக்கு ஓடினான். தலைநகரில் கேரளரும் கன்னடரும் சிங்களப் படையினரும் தம் விருப்பப்படி நடந்துகொண்டார்கள். நாடு இருக்கும் நிலையைக் குதிரை வணிகன் ஒருவன் சோழ மன்னனிடம் சொன்னான் என்கிறது சூளவம்சம். முதலாம் ராஜராஜனின் படை 993ஐ ஒட்டி வட இலங்கையைக் கைப்பற்றியது. 1017இல் ராஜேந்திரனின் படை உறுகுணை வரை சென்று மகிந்தனைச் சிறைபிடித்தது. அவன் 1029இல் சோழநாட்டுச் சிறையிலேயே இறந்தான். சோழரின் இலங்கை வெற்றிக்குக் காரணமாக ராஜராஜனின் பேரரசு நோக்கத்தையும் கடல்வணிக நலனையும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றோடு, பட்டுவாடா ஆகாத ஒரு படைச்சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சம்பளம் எந்தக் காசில் கணக்கிடப்பட்டிருக்கும்? 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இலங்கையின் பொற்காசு கஹவணு. எடை ஏறத்தாழ நாலேகால் கிராம். தமிழகத்தின் கழஞ்சுக்கு நெருக்கமானது. அதில் அரை, கால், அரைக்கால் எனச் சிறு பகுப்புகளும் உண்டு. ஒரு பக்கத்தில் நின்ற கோலத்தில் மன்னன். முடி, காதணி, கால்களுக்கு இடையே தொங்கும் ஆடை மடிப்பு, ஏந்திய மலர். மறுபக்கத்தில் அமர்ந்த உருவமும் 'ஸ்ரீ லங்காவிபு' என்ற நாகரி எழுத்தும். இலங்கையின் தலைவன் என்பது அதன் பொருள். தனி மன்னன் எவனுடைய பெயரும் அதில் இல்லாததால் எந்தக் காசு எவன் காலத்தது என்று பிரிப்பது கடினம். பொன்னின் தரம் காலப்போக்கில் குறைந்தது. செம்புக்குப் பொன்முலாம் பூசியவையும் கிடைக்கின்றன.

இந்தக் காசு கடலைத் தாண்டித் தமிழகத்தில் புழங்கியது. முதலாம் பராந்தகன் (907–955) காலக் கல்வெட்டுகளிலேயே 'ஈழக்காசு' என்ற பெயர் வருகிறது. சோழ அரசு அப்போது எடைபோட்ட பொன்னைக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் கணக்கிட்டு வந்தது. ஆனால் தன் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்ட சோழரில் ஐயத்துக்கு இடமின்றி அறியப்படும் முதல்வன் உத்தம சோழனே. அவன் பொற்காசில் புலியும் மீனும் உள்ளன. மனித உருவம் இல்லை.

அடுத்து வந்த ராஜராஜன் அந்த வடிவத்தோடு நின்றுவிடவில்லை. அவன் பெயரில் மிகுதியாகக் கிடைக்கும் செப்புக்காசில் ஒரு பக்கம் மலரேந்தி நிற்கும் மனிதன். மறுபக்கம் அமர்ந்த மனிதன். கைக்கு அருகே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. கஹவணுவின் அமைப்பு அப்படியே இருக்கிறது. 'லங்காவிபு' இருந்த இடத்தில் சோழனின் பெயர் ஏறியிருக்கிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் இவை ஏராளமாகக் கிடைத்துள்ளன. பழங்காசு சேகரிப்போர் இன்றும் எளிதாகப் பெறும் சோழர் காசு இதுதான்.

யார் யாரைப் பார்த்துச் செய்தது என்பதில் முன்பு குழப்பம் இருந்தது. வென்றவன் காசைத் தோற்றவன் பின்பற்றியிருப்பான் என்ற எதிர்பார்ப்பில், இந்த வடிவத்தை இலங்கைக்குக் கொண்டுசென்றவர் சோழர் என 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலர் கருதினர். இலங்கைக் காசுகளைப் பற்றி 1924இல் விரிவான நூல் வெளியிட்ட எச். டபிள்யூ. காட்ரிங்டன் போன்றோரின் ஆய்வுக்குப் பின் நிலைமை தெளிவானது. லங்காவிபு காசுகள் ராஜராஜனுக்கு முந்தியவை. பராந்தகன் காலத்து ஈழக்காசுக் குறிப்புகளும் அதற்கு அரண் செய்கின்றன. நாட்டை வென்றவன் அந்நாட்டுக் காசின் முகத்தை எடுத்துக்கொண்டான் என்பதே உண்மை. இதில் விந்தை எதுவும் இல்லை. புதிதாகப் பிடித்த மண்ணில் படைக்கும் அதிகாரிக்கும் கொடுக்கும் காசைச் சந்தையில் நெல் விற்பவன் மறுக்காமல் வாங்க வேண்டும். அவன் ஏற்கெனவே நம்பிய உருவம் அதில் இருந்தால் வேலை எளிது.

அயல்நாட்டுக் காசின் உருவத்தை எடுத்துக்கொள்ளும் இதே நிகழ்வு வடகோடியிலும் நடந்திருக்கிறது. கீவை ஆண்ட விளாதிமிர், கலகத்தில் சிக்கியிருந்த பேரரசர் இரண்டாம் பாசிலுக்கு 988இல் ஏறத்தாழ ஆறாயிரம் வடபுல வீரர்களை அனுப்பினான். அவர்களால் பாசில் அரியணையைக் காத்துக்கொண்டார். வராங்கியர் காவல் நிலையான படையாயிற்று. அவர்களுக்குப் பேரரசு கொடுத்தது நோமிஸ்மா என்னும் பொற்காசு. ஓர் உரோமைப் பவுண்டு பொன்னில் எழுபத்திரண்டு காசு என்ற பழைய கணக்கின்படி அதன் எடை சுமார் 4.4 கிராம், கஹவணுவுக்கும் கழஞ்சுக்கும் நெருங்கிய உறவு போலத் தோன்றும் அளவு. அதே நோமிஸ்மாவின் மூதாதை 6ஆம் நூற்றாண்டிலேயே இலங்கை அரசவையில் பேசப்பட்டது. சோபத்ரோஸ் என்ற வணிகன் அதைப் பாரசீகரின் வெள்ளிக்காசுக்கு எதிரே நீட்டி, தன் மன்னனே பெரியவன் என்று வாதாடி வென்றதாகக் காஸ்மாஸ் என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார். கதையைச் சொன்னவரும் உரோமைப் பேரரசின் குடிமகன் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

வராங்கியரில் மிகப் புகழ்பெற்றவன் பின்னாளில் நார்வேயின் அரசனான ஹரால்ட் ஹார்ட்ராடா. 1034ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்து சுமார் எட்டு ஆண்டுகள் பணியாற்றினான். ஈட்டிய பொன்னைக் கீவை ஆண்ட யாரோஸ்லாவிடம் அனுப்பிச் சேர்த்துவைத்து, அவர் மகளை மணந்து, பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பியதை வடபுல வீரக்கதைகளான சாகாக்கள் கூறுகின்றன. 1047இல் டென்மார்க்கின் அரசனான ஸ்வென் எஸ்திரித்சன் லுண்ட் நகரில் அடித்த வெள்ளிக்காசுகள் சிலவற்றில் பைசாந்தியக் காசுகளின் உருவங்கள் அப்படியே காணப்படுகின்றன. கூலிவீரர் மடியில் வந்த பொற்காசு ஊர் அக்கசாலையில் அச்சுக்கு மாதிரியாயிற்று. வடக்கே படைவீரன் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்த காசு செய்ததைத் தெற்கே வணிகமும் படையெடுப்பும் செய்தன.

ஆனால் ஒப்புமையை அதிகம் நீட்டக்கூடாது. வராங்கியர் பெரும்பாலும் கூலி பெற்றுத் திரும்ப நினைத்தவர்கள். பைசாந்திய அரண்மனையின் அயலார் காவல்படைகளில் சேருவதற்கே 10ஆம் நூற்றாண்டில் பொன் கட்ட வேண்டியிருந்தது. சேர்ந்தபின் வரும் சம்பளத்திலும் பரிசிலும் அதை மீட்டுக்கொள்ளலாம். வேளைக்காரர் திரும்பிச் செல்ல வந்தவர்கள் அல்லர். அவர்கள் நிலம் பெற்றார்கள், குடும்பம் வைத்தார்கள், ஊர்களின் பெயரோடு ஒட்டினார்கள்.

சோழராட்சி இலங்கையில் முக்கால் நூற்றாண்டு நீடித்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. மாதோட்டம் ராஜராஜபுரம் ஆயிற்று. உறுகுணையிலிருந்து போரிட்ட விஜயபாகு 1070இல் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். சோழர் நிர்வாகம் கலைந்தது. சோழரோடு வந்த படையினரில் பலர் போகவில்லை. புதிய அரசன் அவர்களை வேலையில் வைத்துக்கொண்டான். எதிரியின் படையைத் தன் காவலாக வைத்துக்கொண்டது துணிச்சலாகத் தோன்றலாம். தன்னைச் சுற்றியிருந்த சிங்களப் பிரபுக்களையும் உறவினரையும் அவன் எந்த அளவு நம்பினான் என்பதையும் அது காட்டுகிறது. காசிலும் இதே தொடர்ச்சி. விஜயபாகுவின் பெயர் கொண்ட காசுகளும் நிற்கும் மனிதன், அமர்ந்த மனிதன் என்ற அமைப்பிலேயே உள்ளன. கஹவணுவிலிருந்து ராஜராஜன் எடுத்த வடிவம் இப்போது சோழரை விரட்டியவனின் பெயரோடு திரும்பியது.

முறிவு 1085ஐ ஒட்டி வந்தது. சோழரின் பகைவனான மேலைச் சாளுக்கிய மன்னனிடம் விஜயபாகு பரிசுகளோடு தூதரை அனுப்பினான். வழியில் சோழநாட்டில் அவர்களைப் பிடித்துக் காதும் மூக்கும் அறுத்து அனுப்பினார்கள். சினங்கொண்ட விஜயபாகு சோழநாட்டின்மேல் படையெடுக்க ஆணையிட்டான். அவனுடைய முப்பதாம் ஆட்சியாண்டில், கப்பலேற வேண்டிய வேளைக்காரர் மறுத்துக் கிளர்ந்தார்கள். படைத்தலைவர் இருவரைக் கொன்றார்கள். அரசனின் தங்கை மித்தாவையும் அவள் புதல்வர் மூவரையும் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். பிடிபட்ட சிறுவர்களில் ஒருவன் மானாபரணன். பின்னாளில் இலங்கை முழுவதையும் ஒருகுடைக்கீழ் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தந்தை. விஜயபாகு தென்பகுதிக்குத் தப்பி, செல்வத்தை வாதகிரிக் குன்றில் பத்திரப்படுத்தி, தம்பி வீரபாகுவோடு திரும்பி வந்து கலகத்தை ஒடுக்கினான். கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கம்பங்களில் கலகத் தலைவர்களைக் கட்டி உயிரோடு எரிக்கச் செய்தான் என்று சூளவம்சம் சொல்கிறது.

இந்தக் கலகம் ஊதியத்துக்காக எழுந்ததன்று. மகிந்தனின் கேரளர் கூலி கேட்டு மறித்தார்கள். விஜயபாகுவின் வேளைக்காரர் போகச் சொன்ன இடத்துக்குப் போக மறுத்தார்கள். எதிர்க்கரையில் நின்றவர்கள் அவர்களின் உறவினராகவும் பழைய படைத்தோழராகவும் இருந்திருப்பார்கள். இக்காலத்து மொழிப்பற்று, இனப்பற்று என்ற சொற்களால் இதை விளக்குவது காலத்தோடு பொருந்தாது. படையில் வடுகரும் மலையாளரும்கூட இருந்தார்கள். விலைக்கு வாங்கிய வாளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையே அரசன் கண்டான். அவன் எஞ்சியவர்களைக் கலைக்கவும் இல்லை. அவர்கள் இல்லாமல் அரசு நடத்த முடியாத நிலை.

பின்னர் வேளைக்காரர் வேறு முகத்தோடு தோன்றுகிறார்கள். திருகோணமலைப் பகுதியில் பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு விஜயபாகுவின் நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கந்தளாயில் விஜயராஜ ஈசுவரம் என்ற சிவன் கோயிலுக்கு நங்கைசானி என்னும் பார்ப்பனப் பெண்மணி, இறந்த தன் கணவனின் நினைவாகக் கொடுத்த கொடை வேளைக்காரரின் காவலில் ஒப்படைக்கப்படுகிறது. பதவியாவில் தளபதி லோகநாதன் கட்டுவித்த பௌத்த விகாரைக்கு வேளைக்கார விகாரை என்றே பெயரிட்டு, அவர்கள் பொறுப்பிலேயே விட்டதை அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. சிவன் கோயிலா, புத்த விகாரையா என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை.

இந்த வரிசையின் உச்சம் பொலன்னறுவைப் பலகை. விஜயபாகு எழுபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆண்டதையும், அவன் ஆணைப்படி நுவரகல் தேவசேனாதிபதி பற்கோயிலைக் கட்டியதையும் அது கூறுகிறது. பிறகு முகலன் என்னும் மகாதேரர் அமைச்சர்களோடு வந்து, கோயிலைக் காவலில் ஏற்குமாறு வேளைக்காரரைக் கேட்கிறார். அவர்கள் கூடுகிறார்கள், வலஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிகக் குழுவினரையும் அழைக்கிறார்கள். கோயிலுக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயர் சூட்டுகிறார்கள். காவல் சேவகனுக்கு ஒரு வேலி நிலம் ஒதுக்குகிறார்கள். கோயிலின் ஊர்களையும் பொருளையும், அங்கே அடைக்கலம் புகுந்தவரையும் தாம் அழிந்தாலும் காப்பதாகவும், தம் வழித்தோன்றல் உள்ளவரை இது தொடரும் என்றும் உறுதி கூறுகிறார்கள். கூடியவர்களின் பட்டியலில் வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர், பரிவாரக்கொந்தம் ஆகிய பிரிவுகள் வருகின்றன. சோழப்படை அமைப்பின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது. 'மூன்றுகை' என்பதும் சோழநாட்டுச் சொல்லே. திருநெல்வேலிச் சீமையில் திருவாலீசுவரம் கோயிலைத் தன் காவலில் ஏற்ற மூன்றுகை மகாசேனை, மாதோட்டத்தை அழித்ததையும் தன் வெற்றிகளில் ஒன்றாகப் பொறித்துவைத்திருக்கிறது. அங்கே சிவாலயம், இங்கே பல்லாலயம், செயல்முறை ஒன்றே.

தேரர் ஏன் இவர்களிடம் வந்தார் என்பது ஊகிக்கக்கூடியதே. புனிதப் பல் யார் கையில் இருக்கிறதோ அவரே இலங்கையின் அரசர் என்ற கருத்து அப்போது வலுப்பெற்று வந்தது. விஜயபாகுவுக்குப் பின் அரியணைக்குப் பலர் மோதினர். மோதும் தரப்புகள் எதிலும் பிறப்பால் சேராத ஒரே ஆயுதக்கூட்டம் வேளைக்காரர். அவர்களுக்கும் இது ஆதாயம்: அரசர் மாறினாலும் கோயில் காவலும் அதற்கான நிலமும் மாறாது. காசாக வரும் கூலி கருவூலம் வற்றினால் நின்றுவிடும். அறக்கட்டளையாக எழுதிய நிலம் அப்படி நிற்பதில்லை. 11ஆம் நூற்றாண்டில் காசின் தரமே சரிந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் கஹவணுவின் பொன் கரைந்து செம்பு ஆட்சிக்கு வந்தது. பைசாந்தியத்திலும் நான்காம் மைக்கேல் காலம் முதல் நோமிஸ்மாவின் பொன் அளவு குறைந்துகொண்டே போய், பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் 1092இல் ஹைப்பர்பைரான் என்ற புதிய பொற்காசை வெளியிடும் வரை மீளவில்லை. மதிப்பிழந்த காசைக் காட்டிலும் ஒரு வேலி நன்செய் நம்பத்தக்கது.

வாக்குறுதி எவ்வளவு காலம் நின்றது என்பது வேறு கதை. விஜயபாகுவுக்குப் பின் ஆண்ட விக்கிரமபாகுவின் காலத்தில் பிக்குகள் புனிதப் பல்லையும் பிட்சைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உறுகுணைக்குப் போய்விட்டார்கள். பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில், அவன் படைகள் தெற்கே போரில் இருந்த வேளை பார்த்து, கொட்டியாரத்தில் வாழ்ந்த வேளைக்காரர் சிங்களரோடும் கேரளரோடும் சேர்ந்து கலகம் செய்து அடக்கப்பட்டனர். கலகத்தில் சிங்களரும் இருந்தனர் என்பதைச் சூளவம்சமே சொல்வதால், இதை இரு இனங்களின் மோதலாகப் படிக்க இடமில்லை. பிக்குகள் எழுதிய அந்த நூலில் வேளைக்காரர் எப்போதும் கலகக்காரராகவே வருகிறார்கள். பளமோட்டை, பதவியா, பொலன்னறுவைக் கல்வெட்டுகள் இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருப்பது அந்த ஒரு முகம் மட்டுமே. 1215இல் கலிங்க மாகன் கேரளப் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்தபின் அந்த நகரின் சிறப்பு முடிந்தது. வேளைக்காரர் என்ற பெயரும் இலங்கை வரலாற்றிலிருந்து மறைகிறது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1204இல் சிலுவைப்போர்ப் படையிடம் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்தபோது வராங்கியர் மதிலைக் காத்து நின்றனர். அவர்கள் படையாக விளங்கிய காலமும் ஏறத்தாழ அத்தோடு முடிந்தது.

காசு மட்டும் தொடர்ந்தது. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி, சாகசமல்லன் ஆகியோரின் செப்புக்காசுகள் எல்லாம் நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் நாகரிப் பெயரும் கொண்டவை. பெண்ணான லீலாவதியின் காசிலும் அதே உருவங்கள். பெயர் மட்டும் 'ஸ்ரீ ராஜலீலாவதி'. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாப்பகூவை ஆண்ட முதலாம் புவனேகபாகுவும் அப்படியே வெளியிட்டான். பிறகு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசின் ஒரு பக்கத்தில் அந்த நிற்கும் மனிதனை வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் அமர்ந்த மனிதனை எடுத்துவிட்டு நந்தியைப் படுக்கவைத்தார்கள். நந்தியின் கீழே நாகரி இல்லை. தமிழ் எழுத்தில் 'சேது' என்று இருக்கிறது.